ஏர் ரைஃபிள் பட் பிளேட் தாங்கியில் மரை சரியாக விழவில்லை: வீட்டிலேயே சரிசெய்ய வழி உண்டா?

கேள்வி: கெடிலக்கரை, கடலூர்

அனைவருக்கும் வணக்கம். உலோக வேலை தெரிந்தவர்களிடமும் ஏர் ரைஃபிள் சுடுபவர்களிடமும் ஒரு யோசனை கேட்க விரும்புகிறேன்.

என் மகள் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பிரிவில் பயிற்சி பெற்று வருகிறாள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவிலும் பாரிசிலும் இந்தப் பிரிவில் களமிறங்கியதைப் பார்த்து வந்த ஆர்வம் அது. புதிய ரைஃபிள் வாங்கும் வசதி எங்களுக்கு இல்லாததால், காற்று சிலிண்டர் பொருத்தும் வகையைச் சேர்ந்த பழைய ரைஃபிள் ஒன்றை வாங்கினோம். குழலும் டிரிகரும் நன்றாகவே இருக்கின்றன. ரைஃபிளின் கட்டைப் பகுதியான ஸ்டாக் மரத்தாலானது. அதன் பின்முனையில் தோளில் பதியும் பட் பிளேட்டை மேலும் கீழும் நகர்த்தி இறுக்குவதற்கு ஓர் அலுமினியத் தாங்கி உண்டு. பழைய தாங்கியில் விரிசல் இருந்தது. அசல் உதிரிப்பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்றும், எப்போது வரும் என்று உறுதி சொல்ல முடியாது என்றும் கடையில் சொல்லிவிட்டார்கள். ஆகவே பழைய துண்டை மாதிரியாகக் கொடுத்து, ஒரு லேத் பட்டறையில் அதே அளவில் புதிதாகச் செய்து வாங்கினேன்.

வெளி அளவுகள் எல்லாம் சரியாக இருக்கின்றன, ஸ்டாக்கிலும் அழகாகப் பொருந்துகிறது. ஆனால் பட் பிளேட்டைப் பிடிக்கும் இரண்டு துளைகளிலும் மரை சரியாக விழவில்லை. துண்டின் தடிமன் 20 மி.மீ., அகலம் 16 மி.மீ. துளைகள் அகலத்தின் நடுவில், மறுபக்கம் திறக்காத குருட்டுத் துளைகளாக, சுமார் 15 மி.மீ. ஆழத்தில் இருக்கின்றன. போடவேண்டியது எம்6 ஆலன் போல்ட். மேல் துளையில் போல்ட் ஐந்தாறு சுற்று விரலாலேயே போகிறது. அதன் பிறகு கல்லில் முட்டியதுபோல் நின்றுவிடுகிறது. கீழ்த் துளையில் கடைசிவரை போகிறது, ஆனால் தொளதொளவென்று ஆடுகிறது. ஆலன் கீயால் இறுக்கினால், பிடிப்பது போலிருந்து சட்டென்று வழுக்குகிறது. வெளியே எடுத்துப் பார்த்தபோது போல்ட்டின் மரைக்குள் வெள்ளி நூல்போல அலுமினியப் பிசிறு சுற்றியிருந்தது.

பட்டறைக்காரர் மேல் துளையில் ஸ்பேனர் போட்டு வலுவாகத் திருகினால் போல்ட்டே வழி செய்துகொள்ளும் என்றும், கீழ்த் துளையில் பசை ஊற்றி ஒட்டிவிடலாம் என்றும் சொல்கிறார். இரண்டிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. வீட்டில் ஒரு நல்ல வைஸ், வெர்னியர், கை டிரில், டிரில் பிட் பெட்டி இருக்கின்றன. துளைக்குள் மரை வெட்டும் டேப் செட் வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறேன். இதை நானே சரிசெய்ய முடியுமா, அல்லது துண்டையே தூக்கிப் போட்டுவிட்டு வேறு செய்ய வேண்டுமா?

பதில் 1: பழைய ஃபிட்டர், நெய்வேலி

வணக்கம் ஐயா. நெய்வேலியில் பராமரிப்புப் பிரிவில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஸ்பேனர் போட்டுத் திருகச் சொன்ன யோசனையையும் பசை யோசனையையும் நீங்கள் ஏற்காமல் இங்கே கேட்டது மிகவும் நல்லது. அலுமினியத்தில் எஃகு போல்ட்டை வலுக்கட்டாயமாக ஏற்றினால் அது வழி செய்துகொள்வதில்லை, இருக்கிற மரையை வழித்துக்கொண்டு போகிறது. சீவல் வெளியேறுவதற்கு டேப்பில் இருக்கும் பள்ளம் போல்ட்டில் கிடையாது என்பதே காரணம்.

வேலைக்கு முன் ஒரு சொல். இது ஏர் ரைஃபிள் என்பதாலும், கட்டைப் பகுதியின் உதிரித் துண்டு என்பதாலும்தான் எழுதுகிறேன். வெடிமருந்துத் துப்பாக்கியாக இருந்தால், 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி பழுதுபார்க்கும் தொழிலுக்கே உரிமம் வேண்டும். அங்கே உரிமம் பெற்ற கடையைத் தவிர வேறு வழி இல்லை. உங்கள் ரைஃபிளிலும் சிலிண்டரைக் கழற்றித் தனியாக வைத்துவிட்டு, உள்ளே குண்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, தாங்கியை ஸ்டாக்கிலிருந்து முழுவதுமாகக் கழற்றி வேறு மேசைக்குக் கொண்டுபோய் வேலை பாருங்கள். அலுமினியச் சீவல் ஒன்று டிரிகருக்குள் விழுந்தாலும் அதன் பின் வரும் தொல்லை பெரிது. இதில் பழகிய கையோடு சிலிண்டர் பொருந்தும் மரையில் டேப்போ, வெளிமரை வெட்டும் டையோ போட்டுப் பார்க்கும் எண்ணம் ஒருபோதும் வரக்கூடாது. அந்த மரை தாங்குவது 200 பார் அளவிலான காற்றழுத்தத்தை.

இப்போது உங்கள் துண்டுக்கு வருவோம். முதலில் அது என்ன மரை என்று தெரிந்தாக வேண்டும். எம்6 என்று பட்டறையில் சொன்னதால் மட்டும் அது எம்6 ஆகிவிடாது. எம்6 மரைக்கு வெளிவிட்டம் 6 மி.மீ., பிட்ச், அதாவது அடுத்தடுத்த இரண்டு மரை முகடுகளின் இடைவெளி, 1 மி.மீ., கோணம் 60 பாகை. பழைய பட்டறைகளின் டேப் பெட்டியில் 0 பி.ஏ. என்று பழைய பிரிட்டிஷ் அளவில் ஒரு டேப் கிடக்கும். அதற்கும் வெளிவிட்டம் 6 மி.மீ., பிட்ச் 1 மி.மீ.தான், ஆனால் கோணம் 47.5 பாகை. அதில் எம்6 போல்ட் ஏறுவதுபோல் ஏறி இறுகும். கால் அங்குல போல்ட், அதாவது கடையில் இரண்டு நூல் என்று கேட்டு வாங்குவது, 6.35 மி.மீ. விட்டமும் அங்குலத்துக்கு 20 மரையும் கொண்டது. அந்த டேப் போட்ட துளையில் எம்6 போல்ட் தொளதொளக்கும். ஆகவே பிட்ச் கேஜ் ஒன்று வாங்குங்கள். கிடைக்காவிட்டால், உங்கள் துளைக்குள் இலகுவாகப் போகும் ஏதாவது ஒரு போல்ட்டையும், நல்ல கடையில் வாங்கிய புதிய எம்6 போல்ட்டையும் பக்கவாட்டில் மரையோடு மரை சேர்த்து, சன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். பிட்ச் ஒன்றாக இருந்தால் இரண்டுக்கும் இடையில் வெளிச்சம் கசியாது. வேறாக இருந்தால் நாலைந்து மரைக்குள் முகடும் பள்ளமும் விலகுவது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

அடுத்தது துளையின் உள்விட்டம். எம்6 டேப்புக்கு 5 மி.மீ. துளை போட வேண்டும். மரை விழுந்தபின் உள்விட்டம் 4.92 முதல் 5.15 மி.மீ.க்குள் இருப்பது முறை. வெர்னியரின் உள்தாடை இவ்வளவு சிறிய துளையில் பொய் சொல்லும். அதனால் டிரில் பிட்டின் மழமழப்பான பின்பக்கத் தண்டைப் பயன்படுத்துங்கள். 5 மி.மீ. தண்டு உள்ளே போக வேண்டும், 5.2 மி.மீ. தண்டு போகக் கூடாது. கீழ்த் துளையில் 5.5 மி.மீ. தண்டே போய்விடும் என்று எனக்குத் தோன்றுகிறது. 5 மி.மீ. துளையில் மரையின் முழு உயரத்தில் முக்கால் பங்குக்குச் சற்று மேலாகவே கிடைக்கும். 5.5 மி.மீ. துளையில் ஐந்தில் இரண்டு பங்குகூடத் தேறாது. முனை மட்டும் விழுந்த மரை இறுக்கும்போது வழித்துக்கொண்டு வருவதில் வியப்பில்லை. நீங்கள் பார்த்த வெள்ளி நூல் அதுதான்.

மேல் துளையின் நோய் வேறு என்று நினைக்கிறேன். கை டேப் ஒரு செட்டில் மூன்று வரும். முதல் டேப்பின் நுனியில் ஏழெட்டு மரை சரிவாகத் தேய்த்திருக்கும், மூன்றாம் டேப்பில் ஒன்றிரண்டு மரைதான் அப்படி இருக்கும். குருட்டுத் துளையில் முதல் டேப்பை மட்டும் அடிமுட்ட ஓட்டிவிட்டு நிறுத்தினால், மேலே ஆறேழு மி.மீ. வரை முழு மரையும், அதற்குக் கீழே அரைகுறை மரையும்தான் இருக்கும். பிட்ச் 1 மி.மீ. என்பதால் ஒரு சுற்றுக்கு ஒரு மி.மீ. என்று கணக்கிட்டால், உங்கள் போல்ட் ஐந்தாறு சுற்றில் நிற்பது இதற்கு அப்படியே பொருந்துகிறது. அப்படியானால் இது வீட்டிலேயே தீரும்.

நல்ல எஃகில் செய்த எம்6 டேப் செட் ஒன்றும் டேப் ரெஞ்சும் வாங்குங்கள். சாலையோரத்தில் விற்கும் மலிவான டேப் துளைக்குள் உடைந்தால், அதை எடுப்பது துண்டைப் புதிதாகச் செய்வதைவிடக் கடினம். வைஸின் தாடைக்கு இரண்டு மரச் சில்லு வைத்துத் துண்டைப் பிடியுங்கள். துளையைத் தூரிகையால் துடைத்து, சில சொட்டு மண்ணெண்ணெய் விடுங்கள். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெயைவிட எளிதான வெட்டு எண்ணெய் வேண்டியதில்லை. இரண்டாம் டேப்பைத் துளை வாயில் வைத்து, முதலில் வலப்பக்கம் திருகாதீர்கள். லேசான அழுத்தத்தோடு இடப்பக்கமாக, கழற்றும் திசையில், மெல்லச் சுற்றுங்கள். ஓரிடத்தில் டேப் 'டிக்' என்று அரை மயிரிழை கீழே இறங்குவது விரலுக்குத் தெரியும். பழைய மரையின் தொடக்கம் அங்கேதான் இருக்கிறது. அங்கிருந்து வலப்பக்கம் திருகினால் டேப் பழைய தடத்திலேயே போகும், குறுக்கே புது மரை வெட்டாது. இந்த ஒரு பழக்கம் எத்தனையோ துண்டுகளைக் காப்பாற்றியிருக்கிறது.

இறுக்கம் தெரிந்த பிறகு அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று போங்கள். மூன்று நான்கு சுற்றுக்கு ஒருமுறை டேப்பை முழுவதும் வெளியே எடுத்து, சீவலைத் தட்டி, துளையையும் துடையுங்கள். குருட்டுத் துளையின் அடியில் சீவல் சேர்ந்தால் அடி வந்துவிட்டதுபோல் பொய்யாக முட்டும், அப்போது வலுக்காட்டினால் டேப் உடையும். ஒரு தீக்குச்சியை விட்டு ஆழத்தை அளந்து, அந்த அளவில் டேப்பின் மேல் காகித நாடா ஒட்டிக்கொண்டால் அடி எங்கே என்று சந்தேகமே வராது. இரண்டாம் டேப் முடிந்தபின் அதே முறையில் மூன்றாம் டேப்.

இவ்வளவும் செய்வதற்கு முன் இரண்டு துளைகளும் நேராக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். நீளமான எம்6 ஸ்டட், அதாவது தலையில்லாத மரைக்கம்பி, ஒன்றைத் துளையில் திருகி, பக்கத்தில் மூலைமட்டத்தை நிறுத்தி, இரண்டு திசைகளில் பாருங்கள். பார்த்ததை இங்கே எழுதுங்கள். கீழ்த் துளைக்கு என்ன செய்வது என்பது அதைப் பொறுத்தது.

பதில் 2: தேங்காய்த்திட்டு, புதுச்சேரி

வணக்கம் அண்ணா. மீன்பிடிப் படகுகளின் இன்ஜின் வேலை பார்க்கிறேன். அலுமினியப் பாகத்தில் மரை வழுக்குவது எங்களுக்கு அன்றாட வேலை என்பதால் கீழ்த் துளையைப் பற்றி எழுதுகிறேன். பெரியவர் மேல் துளைக்குச் சொன்ன முறையோடு எனக்கு முழு உடன்பாடு உண்டு.

கீழ்த் துளை நேராக இருந்தால் ஹெலிகாயில் போடுவதே நல்ல வழி. எஃகுக் கம்பியைச் சுருளாகச் சுற்றிய உள்மரை அது. எம்6 அளவுக்கான பெட்டியில் தனி டேப், சுருள்கள், செருகும் கருவி, சில பெட்டிகளில் டிரில் பிட்டும் சேர்ந்தே கிடைக்கும். துளையை 6.3 மி.மீ. அளவுக்குப் பெரிதாக்கி, அந்தத் தனி டேப்பைப் போட்டு, சுருளைத் திருகி உள்ளே இறக்க வேண்டும். அந்த டேப்பின் வெளிவிட்டம் ஏறக்குறைய 7.3 மி.மீ. உங்கள் துண்டு 16 மி.மீ. அகலம் என்பதால் இரண்டு பக்கமும் 4 மி.மீ.க்கு மேல் சுவர் மிஞ்சும், பயமில்லை. 9 மி.மீ. நீளச் சுருள், அதாவது விட்டத்தின் ஒன்றரை மடங்கு, போதுமானது. சுருளின் மேல்முனை துளையின் வாயிலிருந்து அரைச் சுற்றாவது கீழே இறங்கியிருக்க வேண்டும். விளிம்போடு நின்றால் பட் பிளேட் அதன்மேல் உட்கார்ந்து நாளடைவில் சுருளை வெளியே இழுத்துவிடும். அடியில் இருக்கும் குறுக்கு நாக்கைப் பஞ்சால் ஒரு தட்டில் உடைத்து, துளையைக் கவிழ்த்து, உடைந்த துண்டு வெளியே விழுந்ததைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். குருட்டுத் துளையில் அதை விட்டுவிட்டால் போல்ட் அதன்மேல் முட்டி நிற்கும்.

சரியாகப் போட்ட ஹெலிகாயில் புதிய அலுமினிய மரையைவிட உறுதியானது. உங்கள் மகளைப் போல அடிக்கடி பட் பிளேட்டை நகர்த்தி இறுக்குபவர்களுக்கு மேல் துளையிலும் ஒன்று போட்டுவிடலாம் என்பது என் கருத்து. அலுமினிய மரை தளர்த்தி இறுக்கித் தளர்த்தி இறுக்கித் தேயும், எஃகுச் சுருள் அவ்வளவு சீக்கிரம் தேயாது.

இன்னொன்று நம் கடற்கரைக்கே உரியது. கடலூரானாலும் புதுச்சேரியானாலும் காற்றில் உப்பு இருக்கிறது. அலுமினியத்தில் எஸ்.எஸ்., அதாவது துருப்பிடிக்காத எஃகு, போல்ட்டை வெறுமனே இறுக்கி ஒரு மழைக்காலம் விட்டுவிட்டால், மரையில் வெள்ளைப் பொடி பூத்து இரண்டும் ஒன்றோடொன்று கடித்துக்கொள்ளும். அதன் பிறகு கழற்றும்போது மரையோடு சேர்ந்து வரும். கறுப்பு ஆலன் போல்ட் வேறு வகையில் துன்பம் கொடுக்கும், அது இந்தக் காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும். எந்தப் போல்ட் போட்டாலும் மரையில், கடித்துக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்ட்டி சீஸ் பசையை மெல்லியதாகத் தடவுங்கள். ஹெலிகாயில் சுருளும் எஸ்.எஸ்., போல்ட்டும் எஸ்.எஸ். என்றால் இது கட்டாயம், ஏனென்றால் எஸ்.எஸ். மேல் எஸ்.எஸ். உரசி இறுகிக்கொள்ளும் குணம் உடையது.

பதில் 3: லாஸ்பேட்டை, புதுச்சேரி

அனைவருக்கும் வணக்கம். நான் உலோக வேலை அறிந்தவள் இல்லை, சில ஆண்டுகளாக இதே பிரிவில் சுட்டு வருகிறேன். ஆகவே வேலைக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

10 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளிக்கான வட்டத்தின் விட்டம் வெறும் 0.5 மி.மீ. தோளில் பட் பிளேட் எங்கே பதிகிறது என்பது ஒவ்வொரு முறையும் மாறினால், தலை வைக்கும் இடமும் கண் பார்க்கும் கோணமும் சேர்ந்து மாறும். எத்தனை நல்ல குழலாக இருந்தாலும் குண்டுகள் ஒரே இடத்தில் சேராது. அதனால் இந்த ஆட்டத்தைப் பொறுத்துக்கொண்டு மகளைப் பயிற்சி செய்யச் சொல்லாதீர்கள். ரைஃபிளின் குறை தெரியாமல் அவள் தன் நிற்கும் முறையை மாற்றத் தொடங்கிவிடுவாள், பிறகு அந்தப் பழக்கத்தை மாற்றுவது மரையைச் சரிசெய்வதைவிடக் கடினம்.

தாங்கியைக் கழற்றுவதற்கு முன் பட் பிளேட் இருக்கும் உயரத்தையும் சாய்வையும் அளந்து எழுதி, படமும் எடுத்து வையுங்கள். பழைய நிலைக்குத் திரும்ப அது ஒன்றே துணை. போட்டிக்கு முந்தைய வாரத்தில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். எடை பற்றிக் கவலை வேண்டியதில்லை. ரைஃபிளின் மொத்த எடை 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது விதி, ஓர் எஃகுச் சுருள் அதில் ஒரு பொருட்டே இல்லை.

மேலே எழுதிய இருவரும் தொடாத ஒன்றையும் கேட்க விரும்புகிறேன். அந்த அலுமினியத் தாங்கியை ஸ்டாக்கின் மரத்தோடு பிடிக்கும் திருகாணிகள் உறுதியாக இருக்கின்றனவா? பழைய மர ஸ்டாக்குகளில் அந்தத் துளைகளும் தளர்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஈரம் குடித்து உப்பும், கோடையில் காய்ந்து சுருங்கும், அந்த இழுபறியில் திருகாணியின் பிடி போய்விடும். அங்கே ஆட்டம் இருந்தால் அலுமினியத்தில் எத்தனை ஹெலிகாயில் போட்டும் பயன் இல்லை. எனக்குத் தெரிந்த மரவேலைக்காரர் ஒருவர் தளர்ந்த துளையைச் சற்றுப் பெரிதாக்கி, தேக்குக் குச்சியை அரால்டைட் தடவி அடித்து இறக்கி, மறுநாள் அதன் நடுவில் சின்னத் துளையிட்டுத் திருகாணியைப் போட்டுக் கொடுத்தார். இன்றுவரை உறுதியாக இருக்கிறது.

கேள்வி கேட்டவர்: கெடிலக்கரை, கடலூர்

மூவருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு பொறுமையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

சொன்னபடியே பார்த்தேன். மரத் திருகாணிகள் உறுதியாக இருக்கின்றன, ஸ்டாக்கில் ஆட்டம் இல்லை. மரை எம்6தான், புதிய போல்ட்டோடு சேர்த்துப் பிடித்ததில் வெளிச்சம் எங்கும் கசியவில்லை. மேல் துளையில் 5 மி.மீ. தண்டு போகிறது, 5.2 போகவில்லை. ஸ்டட்டும் மூலைமட்டத்தோடு ஒட்டி நேராக நிற்கிறது. டேப் செட் வாங்கி, இடப்பக்கம் சுற்றி, அந்த 'டிக்' விரலுக்குத் தெரிந்தபின் இரண்டாம் டேப்பையும் மூன்றாம் டேப்பையும் ஓட்டினேன். துளையின் அடியிலிருந்து வந்த சீவலைப் பார்த்தபோதுதான் எவ்வளவு மரை வெட்டப்படாமல் இருந்தது என்று புரிந்தது. இப்போது போல்ட் 13 மி.மீ. வரை விரலாலேயே இறங்குகிறது, ஆட்டமும் இல்லை.

கீழ்த் துளைதான் கவலை தருகிறது. பெரியவர் ஊகித்தது போலவே 5.5 மி.மீ. தண்டு தடையின்றிப் போகிறது. அதோடு துளை சாய்ந்தும் இருக்கிறது. வெளியே 60 மி.மீ. நீண்டு நிற்கும் ஸ்டட்டின் நுனி, மூலைமட்டத்திலிருந்து 1 மி.மீ. இடப்பக்கம் விலகி நிற்கிறது. மற்றத் திசையில் நேராக இருக்கிறது. இந்தச் சாய்வோடு ஹெலிகாயில் போடலாமா? கை டிரில்லால் 6.3 மி.மீ. துளை போடும்போதே நேராக்கிக்கொள்ள முடியுமா?

பதில் 4: பழைய ஃபிட்டர், நெய்வேலி

மேல் துளை தீர்ந்ததில் மகிழ்ச்சி ஐயா. கீழ்த் துளையில் இப்போது ஹெலிகாயில் போட வேண்டாம். 60 மி.மீ.க்கு 1 மி.மீ. என்றால் ஏறக்குறைய ஒரு பாகைச் சாய்வு. 15 மி.மீ. ஆழத்தில் துளை கால் மி.மீ. விலகிப் போயிருக்கிறது. 6.3 மி.மீ. டிரில் பிட் பழைய மரையின் வெளிவிட்டத்தைவிட ஒரு பக்கத்துக்கு 0.15 மி.மீ. மட்டுமே கூடுதலாக வெட்டும். கால் மி.மீ. விலகலை அதனால் அழிக்க முடியாது. அதுவும் டிரில் பிட் எப்போதும் ஏற்கெனவே இருக்கும் துளையின் வழியிலேயே போகும் குணமுடையது. கை டிரில்லில் பிடித்தால் சாய்வு கூடுமே தவிரக் குறையாது. சாய்ந்த துளையில் போட்ட சுருளும் சாய்ந்தே நிற்கும், போல்ட்டின் தலை ஒரு பக்கம் மட்டும் அழுத்தும், பட் பிளேட் மறுபடியும் நழுவும்.

இந்தத் துளைக்குப் புஷ் போடுவதே முறை, அதாவது துளையைப் பெரிதாக்கி எஃகுத் துண்டு ஒன்றை இறக்கி, அதில் புது மரை போடுவது. இது பில்லர் டிரில்லோ மில்லிங் மெஷினோ இருக்கும் இடத்தில் செய்ய வேண்டிய வேலை. கடலூரில் சிப்காட் பக்கமோ, புதுச்சேரியில் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளிலோ மில்லிங் மெஷின் உள்ள பட்டறை கிடைக்கும். துண்டைச் சமமாகப் பிடித்து, 8.5 மி.மீ. எண்ட் மில்லால் பழைய துளையை நேராக வெட்டச் சொல்லுங்கள். எண்ட் மில் பக்கவாட்டிலும் வெட்டும் என்பதால் பழைய சாய்வுக்குக் கட்டுப்படாது, ஒரு பக்கத்துக்கு 1.25 மி.மீ. கூடுதலாக வெட்டுவதால் பழைய மரையும் சாய்வும் முழுவதும் போய்விடும். துண்டைக் கழற்றாமல் அப்படியே எம்10 டேப் போட்டு, துளையற்ற எம்10 எஃகுத் துண்டு ஒன்றை மரையைக் கழலாமல் பிடிக்கும் லாக்டைட் 271 பசையைத் தடவித் திருகி இறக்க வேண்டும். பக்கச் சுவர் 3 மி.மீ. மிஞ்சும், போதும். பித்தளை வேண்டாம், நம் உப்புக் காற்றில் பித்தளையும் அலுமினியமும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும்.

லாக்டைட் பிடிக்க ஒரு நாள் முழுவதும் விட்டு, மேலே நீட்டியிருப்பதை அராவிச் சமமாக்கியபின், அந்த எஃகின்மேல் புதிதாக 5 மி.மீ. துளையும் எம்6 டேப்பும் போட வேண்டும். துளையின் இடத்தைப் பழைய குறியை வைத்து எடுக்கக் கூடாது. பட் பிளேட்டையும் கையோடு கொண்டுபோய், இப்போது சரியாக இருக்கும் மேல் துளையில் போல்ட்டைப் போட்டு அதைப் பொருத்தி, அதன் கீழ்த் துளை வழியாகவே நடுப்புள்ளி குறிக்கச் சொல்லுங்கள். எஃகுக்கு மண்ணெண்ணெய் போதாது, வெட்டு எண்ணெய் விட வேண்டும். முதல், இரண்டு, மூன்று என்று டேப் மூன்றும் ஓட வேண்டும் என்பதை அங்கேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

போல்ட்டின் நீளத்தையும் அளந்து வாங்குங்கள். பட் பிளேட்டின் தடிமனும் வாஷரும் போக 10 முதல் 12 மி.மீ. வரை மரைக்குள் இருக்க வேண்டும், துளையின் அடியில் முட்டக் கூடாது. எம்6 ஆலன் போல்ட்டுக்கு 5 மி.மீ. கீ. அதன் நீண்ட கையைத் துளையில் விட்டு, குட்டைக் கையைப் பிடித்து இறுக்கினால் வேண்டிய அளவே இறுகும். அதற்கு மேல் குழாய் போட்டு நீட்டி இறுக்க வேண்டியதில்லை.

பதில் 5: தேங்காய்த்திட்டு, புதுச்சேரி

பெரியவர் சொன்னதே சரி அண்ணா, சாய்ந்த துளைக்கு நானும் புஷ்தான் போடுவேன். தட்டாஞ்சாவடிப் பக்கம் வருவதாக இருந்தால் தாங்கி, பட் பிளேட், இரண்டு புதிய போல்ட், வாஷர் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். ரைஃபிளைக் கொண்டுவர வேண்டாம், இந்த வேலைக்கு அது தேவையே இல்லை. புஷ்ஷுக்கான எஃகைப் பட்டறையில் கிடக்கும் துரும்பில் எடுக்காமல், புதிய எம்10 போல்ட் ஒன்றின் தண்டை வெட்டிக் கொடுத்தாலே போதும். 8.8 என்று வலிமைத் தரம் தலையில் பொறித்த போல்ட்டாக இருக்கட்டும். 10.9, 12.9 என்று பொறித்தவை அதிகக் கடினம், அதில் எம்6 டேப் போடும்போது டேப்புக்கு ஆபத்து.